பாரத்துக்கு ஆறரை

ஜூன் 3, செவ்வாய்

தாஸின் பிக்கப்புக்கு இன்று ட்ரெய்லர் பிரேக் கொன்ட்ரோலர் பூட்டினேன். காலையில் கராஜில் வேலை குறைவு. முதலாளி றெஜியிடம் கேட்டேன், வண்டி நிறுத்தும் மூன்றாவது இடத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

தாஸ் என் தங்கை வதனியின் கணவர். ஸ்காபரோவில் கலியாண மணவறை வாடகைக்கு விடுகிறார். தூண்கள், வளைவுகள், பின்னால் நிற்கும் கோபுரம், மேடைப் பலகைகள், எல்லாவற்றையும் தாங்கும் இரும்புச் சட்டங்கள். பார்க்கிறவர்களுக்கு அது பூவும் தங்க வர்ணமும். தூக்குகிறவர்களுக்கு இரும்பு. இதுவரை சின்ன ட்ரெய்லரில் இரண்டு தடவையாக ஏற்றினார். இப்போது பெரிது ஒன்று வாங்கியிருக்கிறார், இரண்டு அச்சு, நான்கு சில்லு. நான்கு சில்லிலும் மின்சார பிரேக் உண்டு. இழுக்கிற வண்டியில் கொன்ட்ரோலர் இருந்தால்தான் அவை வேலை செய்யும்.

உள்ளங்கை அளவுப் பெட்டி. சாரதி பிரேக்கை மிதிக்கும்போது வண்டி எவ்வளவு சடுதியாக மெதுவாகிறது என்பதை உணர்ந்து, அதற்கேற்ற மின்சாரத்தைப் பின்னால் அனுப்பும். நான்கு வயர்கள்தான். கறுப்பு பற்றரிக்கு, வெள்ளை வண்டியின் இரும்பு உடம்புக்கு, சிவப்பு பிரேக் மிதியில் உள்ள சுவிட்சுக்கு, நீலம் பின்னால் ட்ரெய்லருக்கு. பழைய பிக்கப் என்பதால் நீல வயரை முன்னிருந்து பின்வரை நானே இழுத்தேன். சட்டத்தின் உட்புறமாக, சூடான குழாயிலிருந்து தள்ளி, சாணுக்கொரு கட்டுப் போட்டு. பெட்டியை ஸ்டியரிங்குக்குக் கீழே, வலது முழங்காலில் இடிக்காத இடத்தில், நேராக முன்னே பார்த்தபடி வைத்தேன். சாய்ந்திருந்தால் அது பிழையாக உணரும்.

கூலி வேண்டாம் என்றேன். ஆனால் வேலைத்தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சொந்தக்காரரின் வண்டிக்கும் பிரேக் பிரேக்தான்.

ஜூன் 4, புதன்

மாலையில் தாஸ் ட்ரெய்லரில் மணவறை முழுவதையும் ஏற்றிக்கொண்டு வந்தார். வதனியும் வந்தாள், பின் இருக்கையில், மடியில் ஒரு டப்பா றோல்ஸ். பழைய திரையரங்குக்குப் பின்னால் உள்ள வெறும் வாகனத் தரிப்பிடத்துக்குப் போனோம்.

பெட்டியில் ஓர் எண் உண்டு. ட்ரெய்லர் பிரேக்கை எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்று சொல்வது அந்த எண். கூடினால் சில்லுகள் இறுகிப்போய்த் தேய்த்துக்கொண்டு வரும். குறைந்தால் ட்ரெய்லர் நிற்காது, வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். ஒரே எண்ணை எப்போதும் வைத்திருக்க முடியாது. பாரம் மாறினால் எண்ணும் மாற வேண்டும்.

தாஸை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் இருந்தேன். பாரத்தோடு ஆறரையில் நன்றாக நின்றது. பிறகு மூவருமாக எல்லாவற்றையும் இறக்கி வைத்து, வெறும் ட்ரெய்லரோடு ஓடினோம். அதே ஆறரையில் சில்லுகள் கீச்சிட்டு இறுகின. குறைத்துக் குறைத்து இரண்டரைக்கு வந்தேன்.

தாஸுக்கு வியர்த்துவிட்டது. இது என்ன மச்சான், மாத்திரை மாதிரி நேரத்துக்கு நேரம் மாத்த வேணுமோ என்றார். வதனி பின்னாலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சொன்னாள்.

"பாரத்துக்கு ஆறரை, வெறும் ட்ரெய்லருக்கு இரண்டரை. எனக்கு விளங்கீற்றுது அண்ணா. இவருக்கு நான் சொல்லிக் குடுக்கிறன்."

றோல்ஸில் உறைப்புக் கூட. நான்கு சாப்பிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

கறிவேப்பிலைச் சாடியை வெளியே வைத்தோம். இந்த முறை தப்பும் என்கிறாள் என் மனைவி இந்து.

ஜூன் 21, சனி

மதியம் தாஸ் ரெலிபோனில் கதைத்தார். ஆனி முழுக்கக் கலியாணங்கள். முகூர்த்த நாட்கள் கொஞ்சம்தான் என்பதால் எல்லோரும் ஒரே சனி ஞாயிறில் மண்டபம் எடுக்கிறார்கள். ஒரு மண்டபத்தில் தாலி கட்டி முடிய, படம் எடுத்து முடிய, மணவறையைக் கழற்றி அடுத்த மண்டபத்துக்கு ஓட வேண்டும். இறக்கிவிட்டு வெறும் ட்ரெய்லரோடு வருவது, திரும்ப ஏற்றுவது, ஒரு நாளில் நாலைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் எண்ணை மாற்ற மறந்துபோகிறதாம். ஆறரையில் வெறுமையாக ஓடினால் வண்டி பிடித்து இழுக்கிறது, தேநீர் கொட்டுகிறது என்றார். ஒரேயடியாக இரண்டரையில் விட்டால் என்ன என்று கேட்டார்.

கூடாது என்றேன். பாரத்தோடு இரண்டரையில் இறக்கத்தில் போனால் நிறுத்த முடியாது என்று விளக்கினேன். இரண்டு தடவை சொன்னேன். சும்மா கேட்டனான் மச்சான் என்று சிரித்தார். பக்கத்தில் வதனியின் குரல் கேட்டது, எதையோ எங்கே வைத்தது என்று பொடியன்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நல்ல கேள்விதான் கேட்டார். கேட்காமல் செய்கிறவர்கள் எத்தனை பேர்.

ஜூன் 29, ஞாயிறு

பின்னேரம் வதனி அழுதபடி ரெலிபோன் எடுத்தாள். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில், கீழே சிவப்பு விளக்கு, தாஸால் நிறுத்த முடியவில்லை. பிக்கப் சந்திக்குள் போய், குறுக்கே வந்த சின்னக் கார் ஒன்றின் பக்கத்தில் அடித்திருக்கிறது. தாஸுக்குக் கழுத்தில் பிடிப்பு மட்டும். காருக்குள் இருந்த பெண்ணை அம்புலன்ஸில் கொண்டுபோய்விட்டார்கள். இடுப்பெலும்பு என்று சொல்கிறார்களாம்.

ட்ரெய்லரில் பாரம் இருந்ததா என்று கேட்டேன். முழு மணவறையும் இருந்தது என்றாள். அடுத்த மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் காத்துக்கொண்டிருந்தார்கள் என்றும் சொன்னாள்.

எண் எத்தனையில் இருந்தது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அழுகிறவளிடம் கேட்கிற கேள்வி அல்ல.

ஆஸ்பத்திரிக்குப் போய் தாஸைப் பார்த்தோம். பிரேக் மிதிச்சனான் மச்சான், மிதிச்சனான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஜூன் 30, திங்கள்

காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது வதனி எடுத்தாள். இன்று அழவில்லை. பிக்கப்பைப் பொலிஸ் சொன்ன, விபத்து வண்டிகள் நிறுத்தும் யாட்டில் போட்டிருக்கிறார்களாம், அங்கே எல்லாவற்றையும் களவெடுப்பார்களாம்.

"அந்தப் பெட்டியை ஒருக்காப் போய்க் கழட்டிக்கொண்டு வாங்கோ அண்ணா. உங்களுக்குத்தான் அது பழக்கம். ஒருத்தரிட்டையும் சொல்ல வேண்டாம், இவருக்கு மனசு சரியில்லை."

மதிய இடைவேளையில் போனேன். வாசலில் இருந்தவன் லைசென்ஸைப் பார்த்து, வருகைப் பதிவில் பெயர் எழுதிக் கையெழுத்திடச் சொன்னான். பிக்கப்பின் முன்பக்கம் நொறுங்கிக் கிடந்தது. உள்ளே பெட்டி அப்படியே நான் வைத்த இடத்தில், நேராக. திருகாணி இரண்டு, இணைப்பு ஒன்று. கழற்றித் துணியில் சுற்றிப் பையில் போட்டேன். பின் இருக்கையில் தாஸின் துளைக்கும் மெஷின், பாரம் கட்டும் பட்டி, நல்ல ஸ்பீக்கர் ஒன்று எல்லாம் கிடந்தன. அவற்றையும் எடுக்கவா என்று வதனிக்கு ரெலிபோன் போட்டுக் கேட்டேன். வேண்டாம் அண்ணா, பெட்டி போதும் என்றாள். பாரம் தூக்கி நாரி பிடித்துவிடுமென்று நினைத்திருப்பாள்.

இரவுச் சாப்பாட்டில் இந்துவிடம் சொன்னேன். அவள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள், ஒன்றையும் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டாள். சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்.

"கள்ளருக்கு உந்தப் பெட்டி என்னத்துக்கு?"

விற்கலாம் என்றேன். அவள் வேறு கதைக்குப் போனாள்.

ஜூலை 2, புதன்

பெட்டியை வந்து எடுக்கச் சொல்லி வதனிக்குச் செய்தி போட்டேன். உங்களிட்டையே இருக்கட்டும் அண்ணா என்று பதில்.

ஜூலை 8, செவ்வாய்

றெஜி கதவைச் சாத்திவிட்டு இருக்கச் சொன்னான். ஊரில் பாசையூர்க்காரன், என்னிலும் பத்து வயது இளையவன், வழக்கத்தில் கத்திக் கத்திக் கதைப்பான். இன்று மெதுவாகக் கதைத்தான். தாஸின் காப்புறுதிக் கொம்பனி கராஜுக்கு எழுதியிருக்கிறது. விபத்துக்குக் காரணம் பிழையாகப் பூட்டப்பட்ட பிரேக் கொன்ட்ரோலர் என்று வாகனச் சொந்தக்காரர் சொல்கிறாராம். பூட்டியவரின் பெயர், தொழில் லைசென்ஸ் இலக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன.

காப்புறுதிக்காரர் அப்படித்தான் எழுதுவார்கள், தாஸ் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்றேன்.

"சோதி அண்ணை, இதிலை ஏதும் வந்தால் உங்கடை லைசென்ஸிலைதான் கை வைப்பாங்கள். பிரேக் வேலை பாருங்கோ இது. நீங்கள் ஆரையும் காப்பாத்தப் போகாதேங்கோ."

இருபத்துமூன்று வருடம் இந்தக் கையெழுத்தில்தான் சோறு சாப்பிட்டோம். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் தாஸ் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

ஜூலை 10, வியாழன்

காப்புறுதிக் கொம்பனியின் விசாரணை அதிகாரி வந்தார். பெயர் டுவார்ட்டே, போர்த்துக்கீசர், நரைத்த மீசை, மரியாதையான ஆள். நீல வயர் எப்படிப் போகிறது, எத்தனை அம்பியர் பிரேக்கர், வெள்ளை வயரை எங்கே பூட்டினேன் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே எழுதினார். வயர் வேலை சுத்தமாக இருக்கிறது, நான் யாட்டில் பார்த்தேன் என்றார். சந்தோஷமாக இருந்தது.

பிறகு கொன்ட்ரோலர் எங்கே என்று கேட்டார்.

என் வீட்டில் என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தார். விபத்து நடந்த மறுநாள், விசாரணைக்கு முன்னால், அதைப் பூட்டியவரே போய்க் கழற்றியிருக்கிறார், அப்படித்தானே என்றார். தங்கை கேட்டாள் என்றேன். ஏன் கேட்டார் என்றார். களவு போகும் என்பதற்காக என்றேன். அந்த இடத்தில் அவர் முகம் மாறவில்லை. அது மாறாததுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

நாளை கொண்டுவந்து தருகிறேன் என்றேன். தேவையில்லை, ஒருவர் வீட்டில் பத்து நாள் இருந்த பொருள் இனிச் சாட்சியாகாது, ஆனால் எறிந்துவிட வேண்டாம் என்றார்.

ஜூலை 11, வெள்ளி

வதனிக்கு மூன்று தடவை எடுத்தேன். அலுவலாக இருக்கிறாள் போல.

ஜூலை 13, ஞாயிறு

பின்வாசல் படியில் ஆடிய பலகைக்கு ஆணி அடித்தேன். கூரைப் பீலியில் அடைத்திருந்த சருகுகளை அள்ளினேன். ஏணியில் நிற்கும்போது ரெலிபோன் அடித்தது, இறங்கி வருவதற்குள் நின்றுவிட்டது. வதனி இல்லை. யாரோ தரைவிரிப்புக் கழுவுகிறவர்கள்.

ஜூலை 15, செவ்வாய்

இந்து இன்று நேரடியாகச் சொன்னாள். பெட்டிக்குப் பற்றரி கொடுத்துப் பார்த்தால் கடைசியாக வைத்த எண் தெரியும்தானே, ஏன் பார்க்கவில்லை என்று. தெரியும். மின்சாரம் போனாலும் அது மறக்காது. ட்ரெய்லரில்லாமலும் பொத்தானை அழுத்தினால் காட்டும்.

பார்க்கலாம் என்றேன். வீட்டில் சரியான பற்றரி இல்லை என்றேன். கீழ்த்தளத்தில் இரண்டு இருப்பது அவளுக்குத் தெரியும். போய்ப் படுத்துவிட்டாள்.

ஜூலை 16, புதன்

காரில் வந்த அந்தப் பெண்ணைப் பற்றி றெஜி விசாரித்திருக்கிறான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். செப்ரெம்பரில் பள்ளி தொடங்கும்போது ஓட்ட முடியாது. ஊன்றுகோலோடு நடக்கிறார். விபத்தன்று பூச்சாடி வாங்கிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தாராம்.

பிழை என்னிலா என்று முழு நாளும் யோசித்தேன். வயரை மனதுக்குள் முன்னிருந்து பின்வரை திரும்பவும் இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டும் ஞாபகமிருக்கிறது.

ஜூலை 19, சனி

இந்து வேலைக்குப் போன பிறகு கீழ்த்தளத்தில் பார்த்தேன். கறுப்பையும் வெள்ளையையும் பற்றரிக்குக் கொடுத்து, பொத்தானை அழுத்தினேன்.

2.5.

விட்டுவிட்டுத் திரும்ப அழுத்தினேன். 2.5.

காலையில் ஒரு மண்டபத்தில் இறக்கியிருக்கிறார். வெறும் ட்ரெய்லரோடு திரும்பும்போது சரியாகவே குறைத்திருக்கிறார். பிறகு கழற்றி ஏற்றி, அடுத்த மண்டபத்துக்கு ஓடும் அவசரத்தில் கூட்ட மறந்துவிட்டார். அல்லது கூட்டுவதையே விட்டுவிட்டார். வயர் சரி, பெட்டி சரி, சில்லு சரி. மனிதன் மறந்தான். மறதிக்காக நான் யாரையும் கோபிக்கிறவனில்லை. மண்டபத்தில் ஐயர் நேரம் பார்த்துக்கொண்டு நிற்கும்போது யாருக்கும் மறக்கும். அன்றைக்கே வந்து மச்சான் மறந்துபோனன் என்று சொல்லியிருந்தால், டுவார்ட்டேயிடம் நானும் கூடப் போயிருப்பேன்.

சந்தோஷப்பட்டு மேலே வந்து தேநீர் போட்டேன். பாதி குடித்த பிறகுதான் விளங்கியது. என் வீட்டில், என் பற்றரியில், என் விரலால் அழுத்தி வந்த எண் இது. நானே மாற்றி வைத்திருக்கலாம் என்று யாரும் சொல்லலாம். பெட்டி அந்த வண்டியிலேயே இருந்திருந்தால் டுவார்ட்டே போய் அழுத்திப் பார்த்திருப்பார், அன்றைக்கே முடிந்திருக்கும்.

கழற்றியதால்தான் அது ஒன்றுமில்லாமல் போயிற்று. கழற்றியது நான்.

வதனிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்து நான்கு நாள். இனி ஒரு மாதம் கலியாணம் இல்லை, தாஸுக்கு ஓய்வு. வருவார்கள் என்று நினைத்து இந்து கூழுக்கு அடுக்குப் பண்ணினாள். பெரிய பானையில் காய்ச்சினாள். நாங்கள் இருவரும் குடித்தோம், மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மலையாளிகளுக்குக் கொடுத்தோம்.

ஜூலை 24, வியாழன்

டுவார்ட்டே திரும்ப வந்தார். றெஜியும் இருந்தான். வாகனச் சொந்தக்காரரும் அவருடைய மனைவியும் கொடுத்த வாக்குமூலங்களிலிருந்து சில பகுதிகளை வாசித்து, என் பதிலைக் கேட்டார்.

தாஸின் வாக்குமூலம் குறுகியது. பிரேக் மிதித்தேன், பிடிக்கவில்லை. வேறு ஒன்றும் தெரியாது.

வதனியுடையது நீளம். நல்ல ஆங்கிலம். வந்த புதிதில் அவளை மாலை வகுப்புக்கு ஏற்றி இறக்கியவன் நான், ஒவ்வொரு வாரமும் புதிய சொற்களைக் காரில் சொல்லிக்கொண்டு வருவாள். டுவார்ட்டே வாசித்ததை நினைவிலிருந்து எழுதுகிறேன். கொன்ட்ரோலரில் எண் மாற்ற வேண்டும் என்று எங்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. பரீட்சித்துப் பார்க்க வண்டியைக் கொண்டுபோன போது நான் உடன் இருக்கவில்லை. விபத்துக்கு மறுநாள் என் அண்ணன் எங்களிடம் கேட்காமல் யாட்டுக்குப் போய் அதைக் கழற்றியிருக்கிறார் என்று பிறகுதான் அறிந்தோம். அவர் நல்லவர். பயந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கடைசி வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார்.

அன்று காலை வதனி எடுத்த அழைப்பு ரெலிபோனில் இருக்கிறது என்று காட்டினேன். அண்ணனும் தங்கையும் கதைத்தீர்கள் என்பதைத்தான் இது காட்டும், என்ன கதைத்தீர்கள் என்பதையல்ல என்றார். இரண்டரையைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். எழுதும்போதே, இது உங்களுக்கு உதவாது என்பதும் உங்களுக்குத் தெரியும்தானே என்றார்.

அவர் போன பிறகு றெஜி ஒரு கோலா போத்தலைத் திறந்து என் முன்னால் வைத்தான். ஒரு கார் எண்ணெய் மாற்றக் காத்திருந்தது, எழுந்து போய் மாற்றினேன்.

ஜூலை 27, ஞாயிறு

சொல்லாமல் வதனி வீட்டுக்குப் போனேன். இந்து வரவில்லை. நான் வந்தால் ஏதாவது கதைச்சுப்போடுவன் என்றாள்.

தாஸ் கதவைத் திறந்தார். முழுக்கத் திறக்கவில்லை. கழுத்துப்பட்டி இன்னும் போட்டிருந்தார். வழக்கறிஞர் உங்களோடு கதைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் மச்சான், குறை நினைக்காதேங்கோ என்றார். அவருக்குப் பின்னால் படிக்கட்டில் வதனி நின்றாள். கையில் மடித்த துணிகள். என்னைப் பார்த்தாள், பிறகு துணிகளைப் பார்த்தாள்.

இரண்டரையில் இருந்தது தாஸ் என்றேன்.

அவர் கண்ணைத் தாழ்த்தினார்.

"அந்த மனிசி எங்களை விடாது மச்சான். எங்களுக்கு இருக்கிறது இந்த வீடும் மணவறையும்தான். உங்கடை பக்கம் கராஜ் இருக்கு, கராஜுக்குக் காப்புறுதி இருக்கு."

இதை மிகப் பணிவாகச் சொன்னார், மண்டபத்தில் மேடைக்கு இடம் கேட்பது போல. கதவைச் சாத்தும்போதும் மெதுவாகத்தான் சாத்தினார். வதனி படியில் ஏறிப் போகும் சத்தம் கேட்டது. சாப்பிட்டீங்களோ அண்ணா என்று கேட்காமல் அவள் என்னை அனுப்பிய முதல் நாள்.

வீட்டுக்கு வந்ததும் இந்து தட்டை எடுத்து வைத்தாள். சோற்றைப் போட்டாள். யாட்டுக்குப் போகச் சொன்னது தாஸின் யோசனையாக இருக்கும் என்று சொன்னேன். அவள் குழம்பை ஊற்றிவிட்டு, அன்றைக்கு ரெலிபோன் எடுத்தது தாஸோ என்று கேட்டாள்.

ஜூலை 31, வியாழன்

கறிவேப்பிலை துளிர்த்திருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முடிவு வந்தது. டுவார்ட்டேயின் ஆட்கள் ட்ரெய்லரை வேறொரு வண்டியில் பூட்டி, வேறொரு கொன்ட்ரோலரோடு ஓடிப் பார்த்திருக்கிறார்கள். நான்கு சில்லும் நன்றாகப் பிடித்தன. வயர் வேலையில் குறை இல்லை. ஆனால் விபத்தின் போது கொன்ட்ரோலர் எந்த நிலையில் இருந்தது என்பதைத் தீர்மானிக்க முடியாது, ஏனென்றால் பூட்டிய தொழில்நுட்பவியலாளர் அதை அனுமதியின்றி அகற்றியிருக்கிறார். கராஜின் காப்புறுதியும் பங்கு கொடுக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஏதோ கிடைக்கும். அது நல்லது.

லைசென்ஸைப் பறிக்கவில்லை. ஆனால் கராஜின் காப்புறுதிக் கொம்பனி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. பிரேக் சம்பந்தப்பட்ட எந்த வேலையிலும் இனி என் கையெழுத்துச் செல்லாது. நான் செய்யலாம், வேறொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். றெஜி இதைச் சொல்லும்போது மேசையில் கிடந்த திருகாணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு வேற வழியில்லை அண்ணை."

தெரியும் என்றேன். அவனில் கோபமில்லை. பின்னேரம் ஒரு வானுக்கு முன் பிரேக் மாற்றினேன். முடிந்ததும் வெளியே நின்று புகைத்துக்கொண்டிருந்த பஞ்சாபிக்காரர் குர்மீத்தைக் கூப்பிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் வேலை பழக வந்தவர். சில்லைச் சுற்றிப் பார்த்தார், மிதித்துப் பார்த்தார், கையெழுத்திட்டார். அவருக்குத்தான் கூச்சம் கூட.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இந்துவோடு கடைக்குப் போன இடத்தில் வதனியின் மூத்தவனைக் கண்டோம். மாமா என்று ஓடி வந்து கட்டிப்பிடித்தான். அப்பா புது பிக்கப் வாங்கிவிட்டார் என்றான், கறுப்பு, பழையதை விட உயரம். இந்து அவனுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தாள். தங்கை மகன், அவன் என்ன செய்வான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். ரெலிபோன் அடித்தது. வதனி.

அவளுடைய பழைய குரல். எப்பிடி அண்ணா, மச்சாளுக்குக் கால் நோ சுகமோ என்று தொடங்கினாள். வழக்கறிஞர் இப்போது கதைக்கலாம் என்று சொல்லிவிட்டாராம், எல்லாம் முடிந்துவிட்டதாம், அவளுக்கு இப்போதுதான் நித்திரை வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஆவணி பிறக்கிறது, முதல் கிழமையே மூன்று கலியாணம் என்றாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கோபமாகக் கதைக்க வேண்டும் என்று நினைத்து வைத்த எதுவும் வாயில் வரவில்லை. அவள் கதைப்பதைக் கேட்பது நன்றாக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். புது பிக்கப்புக்குக் கொன்ட்ரோலர் வாங்கிவிட்டார்களாம். ஞாயிறு கலியாணத்துக்குச் சனிக்கிழமையே ட்ரெய்லர் ஓட வேண்டும்.

"நீங்களே வந்து பூட்டித் தாங்கோ அண்ணா. வேற ஆக்களிட்டைக் குடுக்க இவருக்குப் பயம். பிள்ளையளும் அதிலைதான் போய் வருகினம்."

நான் பூட்டியது பிழை என்றுதானே எழுதிக் கொடுத்தாய் என்றேன்.

மறுமுனையில் கறி கொதிக்கிற சட்டியை அவள் கிளறுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள். ஆறுதலாக, குழந்தையைத் தேற்றுவது போல.

"அது காப்புறுதிக்கு எழுதினது அண்ணா. நீங்கள் பிழையாப் பூட்டினனீங்கள் எண்டு நாங்கள் ஒருநாளும் நினைக்கேல்லை. அப்பிடி நினைச்சால் திரும்ப உங்களைக் கேப்பமோ?"

ஒரு மாதமாக இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். டுவார்ட்டேயின் முன்னால், றெஜியின் முன்னால் யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்று. கடைசியில் அவளே சொல்லிவிட்டாள், கறி கொதிக்கிற அடுப்படியில் நின்றுகொண்டு, வேறு யாருக்கும் கேட்காமல்.

யாட்டுக்குப் போகச் சொன்னது யாருடைய யோசனை என்று கேட்கவில்லை. இனிக் கேட்கத் தேவையில்லை.

"பிரேக் வேலையிலை என்ரை கையெழுத்து இனிச் செல்லாது வதனி" என்றேன்.

"ஏன் அண்ணா?" என்றாள். "என்ன நடந்தது?"

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.